சீனி இறங்கியது, புரதம் ஒழுகியது: கொட்டாஞ்சேனையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளிக்கு 57 வயது. நகைத் தொழிலாளி. செட்டியார் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் இரண்டாம் மாடியில் பட்டறை. வீடு கொட்டாஞ்சேனையில், என் டிஸ்பென்சரிக்கு நடந்து வரும் தூரம். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2010இல் அவருக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தது. முதலில் மெட்ஃபோர்மின் மட்டும், பிறகு கூட ஒரு மாத்திரை, 2018இலிருந்து காலையும் மாலையும் 30/70 கலவை இன்சுலின். பிறஷருக்கு லொசார்டன். அரச வைத்தியசாலை ஒன்றில் மாதக் கிளினிக். விடியமுன் போய் நம்பர் எடுத்தால்தான் மதியத்துக்குள் மருந்து கிடைக்கும், அன்றைய கூலியும் போய்விடும் என்பதால் பல தடவை மனைவியே கொப்பியைக் கொண்டுபோய் மருந்து எடுத்து வந்திருக்கிறார். கொழும்பில் தினக்கூலிக்கு வேலை செய்கிற எந்த வீட்டிலும் இதுதான் நடைமுறை, இதற்காக யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது லொசார்டன் நின்றது. கிளினிக்கில் இல்லை, வெளியே பாமசியில் விலை கட்டுப்படியாகவில்லை. 'பிறஷர் இப்ப நோர்மல்தானே' என்று விட்டுவிட்டார்கள். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்த மாத்திரை மருந்துத் துண்டில் திரும்ப ஏறவில்லை. அது பிறஷர் மாத்திரை மட்டுமில்லை, சிறுநீரகத்துக்கான காவலும் அதுதான் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதல் வருகை, மார்ச் 2024

அவர் வந்தது சிறுநீரகத்துக்காக இல்லை. பட்டறையில் காலை பதினொரு மணி வாக்கில் ஒரு சங்கிலிக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த பையன் கெட்டிக்காரன், ஓடிப்போய் நிறையச் சீனி போட்டு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அடுத்த கிழமை வீட்டில் விடியற்காலை அதேபோல் வந்தபோது மனைவி விரலில் குத்திச் சீனி பார்த்தார், மிகவும் குறைவு. 48.

ஆனால் இருவரும் பயந்து வரவில்லை, கொஞ்சம் சந்தோஷமாகத்தான் வந்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 2021இல் 9.4, 2022இல் 8.8, இப்போது 6.9. மருந்து எதையும் கூட்டவில்லை, சாப்பாட்டிலும் பெரிய மாற்றமில்லை, சீனி தானாக இறங்கிவிட்டது. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலில் அர்ச்சனை கூடச் செய்துவிட்டு வந்திருந்தார்கள். "இனி ஊசியைக் குறைக்கலாம்தானே டொக்டர்?" என்று மனைவி கேட்டார். குறைக்கத்தான் வேண்டும், ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக இல்லை.

பதினான்கு வருடம் சீனியோடு இருக்கிற ஒருவருக்கு, ஒன்றும் மாற்றாமல், அதே அளவு இன்சுலினில் சீனி இறங்கத் தொடங்கினால் முதலில் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். இன்சுலின் என்பதே ஒரு சின்னப் புரதம். உடம்பில் சுற்றும் இன்சுலினைப் பிடித்து உடைத்துத் தீர்க்கிற வேலையில் நல்ல பங்கு சிறுநீரகத்தினுடையது, அதிலும் ஊசியில் போடும் இன்சுலினுக்கு அந்தப் பங்கு இன்னும் அதிகம். சிறுநீரகம் தளர்ந்தால் நேற்றுப் போட்ட அதே 24 யூனிட் இன்று கூட நேரம் உடம்பில் நிற்கும், சீனி விழும். நோய் நன்றாகிக்கொண்டு வருவதுபோல ஒரு தோற்றம்.

சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். சொக்ஸின் இலாஸ்டிக் தடம் கணுக்காலுக்கு மேல் ஆழமாகப் பதிந்திருந்தது, விரலால் அழுத்திய குழி உடனே எழும்பவில்லை. பிறஷர் 158/92. சலம் நுரைக்கிறதா என்று கேட்டேன், அவர் இல்லை என்றார். மனைவி குறுக்கிட்டு, "நான்தானே டொய்லட் கழுவுறன், தண்ணி ஊத்தினாலும் நுரை போகுதில்லை, சவர்க்காரம் போட்ட மாதிரி" என்றார். எத்தனை நாளாக என்றால், ஒரு வருடத்துக்கு மேல்.

பழைய ரிப்போட்டுகள்

நல்ல காலம், அந்த அம்மா ஒரு கடதாசியையும் எறியாதவர். ஒரு ஜவுளிக்கடைப் பையில் பத்து வருட ரிப்போட் இருந்தது. மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். கிளினிக்கில் வருடத்துக்கு ஒரு தடவை என்று எழுதிக்கொடுக்கும் சலப் பரிசோதனை, அதாவது யூஎஃப்ஆர், அதில் 'அல்புமின்' (இரத்தத்தில் உள்ள முக்கியப் புரதம்) என்ற வரி மட்டும்: 2017இல் இல்லை, 2019இல் இல்லை, 2021இல் 'ட்ரேஸ்', 2023இல் ஒரு கூட்டல் குறி. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும், 2021இல் 1.1, 2023 தொடக்கத்தில் 1.5. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை. வரிசையாகப் பார்த்தால் கதை கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது.

அந்தப் பையில் இல்லாத ஒன்றுதான் முக்கியம். சலத்தில் அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம், ஏசிஆர் என்கிறோமே, அது ஒரு தடவை கூடப் பார்க்கப்படவில்லை. யூஎஃப்ஆரில் சலத்தில் தோய்க்கும் பரிசோதனைப் பட்டியின் நிறம் மாறுவதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 மில்லிகிராம் அல்புமின் போக வேண்டும். ஆரோக்கியமான ஆளுக்கு 30க்குக் கீழே. இந்த 30க்கும் 300க்கும் இடையில் இருக்கும் காலம் பல வருடங்கள் நீளலாம், திருப்பிவிடக் கூடிய வாய்ப்பு அதிகமாக இருப்பதும் அந்தக் காலத்தில்தான். பட்டியில் 'இல்லை' என்று வந்தால் நோயாளிக்கு அது 'கிட்னி நல்லா இருக்கு' என்று கேட்கும். அப்படி இல்லை.

ஏசிஆரையும் ஒரே ஒரு தடவை பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. காய்ச்சல், சலக்கடுப்பு, முதல் நாள் கடும் உடற்பயிற்சி, பெண்களுக்கு மாதவிடாய், சீனியோ பிறஷரோ மிகவும் ஏறியிருப்பது, இவை எல்லாம் அதைத் தற்காலிகமாகக் கூட்டும். அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று மாதிரியில் குறைந்தது இரண்டிலாவது கூடியிருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இவருடைய விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை.

வந்த எண்கள்

ஏசிஆர் 2,140 (ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு இத்தனை மில்லிகிராம்). கிரியேட்டினின் 2.1, அதிலிருந்து கணக்கிட்ட ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிக்கும் வேகம், 36. இரத்தத்தில் அல்புமின் 2.9. பொட்டாசியம் 4.8. ஹீமோகுளோபின் 10.4. இந்தக் கடைசி எண்ணையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் சிறுநீரக நோயும் இரத்தச்சோகையும் சேர்ந்து இருக்கும்போது எச்பிஏ1சியை அப்படியே நம்ப முடியாது. அந்த 6.9 பாதி பொய்யாகவும் இருந்திருக்கலாம்.

ஸ்கானில் சிறுநீரகங்கள் சுருங்கியிருக்கவில்லை, சாதாரண அளவில் இருந்தன. சீனியால் வரும் சிறுநீரக நோயில் இது வழக்கம்தான், மற்றப் பல சிறுநீரக நோய்களில் சுருங்கிவிடும். 'ஸ்கான் நோர்மல்' என்ற வரியைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போன பலரை எனக்குத் தெரியும். கண் பரிசோதனையில் விழித்திரையில் சீனியின் சேதம் தெளிவாகத் தெரிந்தது.

உள்ளே என்ன நடந்தது

இதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு மாலை பிடித்தது, சொன்ன முறையிலேயே இங்கேயும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். ஒரு நாளைக்கு 180 லீட்டர் வடிகிறது, அதில் தொண்ணூற்றொன்பது பங்கு திரும்ப எடுக்கப்பட்டு ஒன்றரை, இரண்டு லீட்டர்தான் சலமாக வெளியே வருகிறது. வடிகட்டியின் சுவர் மூன்று அடுக்கு: உள்ளே துளைகள் கொண்ட இரத்தக்குழாய்ச் சுவர், நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, வெளியே கால்விரல்களைக் கோத்ததுபோல் பிணைந்திருக்கும் போடோசைட் கலங்கள். அல்புமின் பெரிய மூலக்கூறு, சுமார் 66,000 டால்டன் எடை, மேலே எதிர்மின்னேற்றம் வேறு. அதனால் இந்தச் சுவரைத் தாண்டுவது மிகச் சொற்பம்.

அப்படித் தாண்டும் சொற்பத்தையும் உடம்பு விடுவதில்லை. வடிகட்டிக்கு அடுத்து வரும் குழாயின் முதல் பகுதியில் மெகாலின், கியூபிலின் என்ற இரண்டு ஏற்பிகள் இருக்கின்றன, அவை அல்புமினைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த இடத்தில் அவரே சிரித்துவிட்டார். "எங்கட பட்டறையில நிலத்தைக் கூட்டி அந்தக் குப்பையை எரிச்சு தங்கப்பொடி எடுக்கிறது மாதிரி." சரியாக அதேதான். பட்டறைக் குப்பையை ஒருத்தரும் தெருவில் கொட்டமாட்டார்கள். ஆனால் அராவுகிற மேசையே ஓட்டையாகி நாள் முழுக்கப் பொடி கொட்டினால், கூட்டி அள்ளுகிறவனுக்குக் கை ஓயும், கொஞ்சம் சாக்கடையோடு போகத்தான் செய்யும்.

சீனி வருத்தம் இரண்டு இடத்திலும் கை வைக்கிறது. இரத்தத்தில் சீனி கூடும்போது வடிகட்டியைத் தாண்டும் சீனியும் கூடுகிறது. குழாயின் அதே முதல் பகுதி அந்தச் சீனியை உப்போடு சேர்த்துத் திரும்ப எடுக்கிறது, கூடுதலாக எடுக்கிறது. அதனால் குழாயில் மேலும் கீழே போய்ச் சேரும் உப்பு குறைகிறது. அங்கே உள்ள உணர்கலங்கள் 'வடிதல் போதவில்லை' என்று தப்பாக எடுத்துக்கொண்டு வடிகட்டிக்குள் நுழையும் இரத்தக்குழாயை விரிக்கச் சொல்கின்றன. ஆஞ்சியோடென்சின் என்ற ஹோர்மோன் வெளியேறும் குழாயை இறுக்குகிறது. வாசல் அகலம், வெளியேற்றம் ஒடுக்கம், நடுவில் அழுத்தம். ஆரம்ப வருடங்களில் இவருடைய சிறுநீரகம் வழக்கத்தை விடக் கூடுதலாகவே வடித்திருக்கும், கிரியேட்டினின் அழகாக இருந்திருக்கும். வருடக்கணக்கில் அந்த அழுத்தத்தில் சவ்வு தடிக்கிறது, போடோசைட்டுகள் கழன்று விழுகின்றன, விழுந்தவை திரும்ப முளைப்பது கிட்டத்தட்ட இல்லை. சவ்வு தடித்தால் ஒழுகுவது குறையத்தானே வேண்டும் என்று கேட்கத் தோன்றும். தடிக்கிறதே தவிர அதன் அமைப்பும் மின்னேற்றமும் குலைந்துபோகின்றன, அல்புமின் தாராளமாகப் போகிறது. கிம்மெல்ஸ்டீல், வில்சன் என்ற இருவர் 1936இலேயே இந்த வடிகட்டிகளில் உருண்டை உருண்டையான தழும்புகளை விவரித்துவிட்டார்கள்.

அந்தப் பக்கம் குழாய்க் கலங்களுக்கு வந்து சேரும் புரதமே பாரமாகிறது. அளவுக்கு மிஞ்சி உறிஞ்சிய கலங்கள் அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கின்றன, சுற்றியுள்ள திசுவில் தழும்பு விழுகிறது. ஆகவே சலத்தில் போகும் புரதம் நோயின் அடையாளம் மட்டுமில்லை, நோயை முன்னே தள்ளும் கையும் அதுதான். ஏசிஆரைக் குறைப்பதையே ஒரு இலக்காக வைத்து வைத்தியம் செய்கிறோம் என்றால் காரணம் இது.

வீட்டில் நடந்துகொண்டிருந்தவை

புரதம் போகிறது என்று 2023 ரிப்போட்டைப் பார்த்து உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். போனதைத் திருப்பி ஊட்ட வேண்டும் என்று மனைவி தினமும் இரண்டு முட்டை, இரவில் புரோட்டீன் மா ஒரு கிளாஸ். அன்பில் குறையில்லை. ஆனால் கூடுதலாகச் சாப்பிடும் புரதம் வடிகட்டியின் அழுத்தத்தை இன்னும் ஏற்றுகிறது, ஒழுகுவதும் கூடுகிறது. இரத்தத்தில் அல்புமின் குறைந்ததற்கு மருந்து ஓட்டையை அடைப்பது, மேலே ஊற்றுவது இல்லை.

சீனிக்கு நல்லது என்று அக்காள் ஒருவர் காமரங்காய்ச் சாறு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்டதும் அன்றே நிறுத்தச் சொன்னேன். காமரங்காயிலும் பிலிங்காயிலும் ஒக்சலேட் மிக அதிகம், வெறும் வயிற்றில் சாறாகக் குடித்துச் சிறுநீரகம் திடீரெனப் பழுதான நோயாளிகளை இலங்கை வைத்தியர்களே பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல சிறுநீரகத்துக்கே இது ஆபத்து.

மூன்றாவதாக ஒரு பேச்சு. மனைவிக்கு ஊர் வவுனியா. "எங்கட ஊர்ப் பக்கம் கிணத்துத் தண்ணியால வாற கிட்னி வருத்தம்தான் இது, ஒண்டும் செய்ய ஏலாது" என்று மாமா ஒருவர் முடிவு கட்டிவிட்டார். வட மத்திய மாகாணத்திலும் அதை ஒட்டிய இடங்களிலும் விவசாயிகளைப் பிடிக்கும் அந்த நோய் வேறு. அது முதலில் அடிப்பது குழாய்களை, வடிகட்டியை அல்ல. அதனால் அங்கே சலத்தில் போவது பெரும்பாலும் குழாய் திரும்ப எடுக்கத் தவறிய சின்னப் புரதங்கள், அல்புமின் ஆரம்பத்தில் கொஞ்சம்தான். 2,140 என்ற ஏசிஆர், கண்ணில் சேதம், பதினான்கு வருடச் சீனி, இவை சேர்ந்தால் படம் இன்னொன்று. மாமாவின் பேச்சில் என்னை உறுத்தியது நோயின் பெயர் அல்ல, 'ஒண்டும் செய்ய ஏலாது' என்ற பகுதி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இன்சுலினை முதல் நாளே ஏறக்குறைய கால் பங்கு குறைத்தேன், சீனி 48க்கு விழுவதை விட அப்போதைக்கு அவசரமான காரியம் வேறில்லை. ஈஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே போனதால் மெட்ஃபோர்மினை நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமாகக் குறைத்தேன், 30க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்று கொப்பியில் பெரிதாக எழுதிவைத்தேன். வீக்கத்துக்கு ஃப்ரூசிமைட்.

லொசார்டனைத் திரும்பத் தொடங்கினேன், 25இல் ஆரம்பித்து 50, பிறகு 100. ஆஞ்சியோடென்சினைத் தடுத்து வெளியேறும் குழாயைத் தளர்த்துவதுதான் அதன் வேலை. 2001இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, இரண்டாம் வகைச் சீனி நோயாளிகளில் லொசார்டன் சிறுநீரகம் கெடுவதை மெதுவாக்குகிறது என்று காட்டிவிட்டது. புதிய விஷயமே இல்லை. ஆனால் இதில் ஒரு கண்டம் இருக்கிறது, அதை முன்கூட்டியே இருவரிடமும் சொன்னேன்: அழுத்தம் குறைவதால் வடிதலும் கொஞ்சம் குறையும், கிரியேட்டினின் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் பயப்பட வேண்டாம்.

ஏறியது. இரண்டாவது கிழமை 2.4, பொட்டாசியம் 5.1. ரிப்போட்டை முதலில் பார்த்த பாமசிக்காரர் 'இந்தக் குளிசை கிட்னியை அடிக்கும், நிப்பாட்டுங்கோ' என்று சொல்லிவிட்டார். நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். 2.1இலிருந்து 2.4 என்றால் பதினான்கு சதவீதம், பொட்டாசியமும் கட்டுக்குள், தொடரலாம். வாசலில் நெரிசல் குறைந்தால் உள்ளே வருகிற ஆளும் குறைவாகத்தானே தெரிவார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்க்கவில்லை, எண்ணையே காட்டினேன். கூட்டல் கழித்தலில் அவரை ஏமாற்ற முடியாது, மில்லிகிராம் கணக்கில் தங்கம் நிறுக்கிறவர். திரும்பப் போடத் தொடங்கினார்.

பொட்டாசியம் நிலையானதும் எம்பாக்லிஃப்லோசின் 10 மில்லிகிராம். குழாய் சீனியையும் உப்பையும் சேர்த்து இழுப்பதை இது தடுக்கிறது, கீழே உள்ள உணர்கலங்களுக்கு உப்பு போய்ச் சேருகிறது, நுழையும் குழாய் பழைய அளவுக்கு இறுகுகிறது. லொசார்டன் பின்கதவைத் திறந்தால் இது முன்கதவைச் சாய்க்கிறது. ஈஜிஎஃப்ஆர் 20 வரை தொடங்கலாம். அந்த நிலையில் சீனியைக் குறைக்கும் வலு இதற்குக் குறைவு, கொடுப்பது சிறுநீரகத்துக்காகத்தான். மாதச் செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசினோம், புரோட்டீன் மாவுக்குப் போன காசு இதற்குப் போதுமாக இருந்தது.

சாப்பாட்டில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. புரதம் கூடாது என்று சொன்னதை மனைவி முழுதாக எடுத்துக்கொண்டு முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, சோறும் கீரையும் சொதியும் மட்டும் போட்டிருக்கிறார். ஒன்றரை மாதத்தில் மனுஷன் மூன்று கிலோ இறங்கி, கன்னம் ஒட்டி வந்தார். அவருக்கு வேண்டியது உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.8 கிராம், 68 கிலோவுக்கு 54 கிராம். காலையில் ஒரு முட்டை ஆறு கிராம், மதியம் உள்ளங்கை அளவு மீன் துண்டு ஒன்று இருபது கிராம் வரை, பருப்பும் சோறும் மற்றதும் மீதியைக் கொடுத்துவிடும். இவ்வளவுதான் கணக்கு. உப்பைத்தான் உண்மையில் இறுக்க வேண்டியிருந்தது: கருவாடு, ஊறுகாய், கடை ரோல்ஸ். உப்பு கூடினால் லொசார்டனின் வேலை பாதியாகிவிடும்.

சிறுநீரக நிபுணரிடம் அனுப்பினேன், மாளிகாவத்தையில் பார்த்தார்கள். நீண்டகாலச் சீனி, மெதுவாக ஏறிய புரதம், கண்ணில் சேதம், சலத்தில் இரத்தம் இல்லை, ஆகவே பயொப்சி தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். புரதம் திடீரென்று கூடியிருந்தாலோ, கண் சுத்தமாக இருந்தாலோ, சலத்தில் இரத்தம் இருந்தாலோ வேறு நோயைத் தேட வேண்டியிருக்கும்.

பிறகு நடந்தவை

ஜூலையில் ஏசிஆர் 1,310. வீக்கம் வடிந்து சப்பாத்து லூசாகிவிட்டது. சீனி 48, 50 என்று விழுவது நின்றது.

ஓகஸ்டில் ஒரு சறுக்கல். நகைத் தொழிலில் நாள் முழுக்கக் குனிந்து இருக்க வேண்டும், முதுகு நோவு பிறந்த வீட்டுச் சொத்து மாதிரி. தாங்க முடியாமல் பாமசியில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கி ஒரு கிழமைக்கு மேல் போட்டிருக்கிறார். அசதியோடு வந்தபோது கிரியேட்டினின் 2.9, பொட்டாசியம் 5.8. நுழையும் இரத்தக்குழாயை விரித்து வைத்திருக்கும் பொருட்களை இந்த வகை நோவு மாத்திரை தடுத்துவிடும். லொசார்டன் வெளியேறும் பக்கத்தைத் தளர்த்தியிருக்க, ஃப்ரூசிமைட் தண்ணீரை இழுத்திருக்க, வடிகட்டிக்கு அழுத்தமே இல்லாமல் போகிறது. வைத்தியசாலையில் மூன்று நாள் வைத்திருந்து, லொசார்டனையும் தற்காலிகமாக நிறுத்தி, பொட்டாசியத்தை இறக்கி அனுப்பினார்கள். மாதக் கடைசியில் 2.4க்குத் திரும்பியது, லொசார்டனும் திரும்பியது. முதுகுக்குப் பரசிட்டமோலும், பட்டறையில் உட்காரும் பலகையை உயர்த்தியதும் ஓரளவு கைகொடுத்தன.

நவம்பரில் கந்தசஷ்டி. ஆறு நாளும் பால் பழம் மட்டும், இருபது வருடமாகப் பிடிக்கிற விரதம், விடச் சொன்னால் மனுஷன் என்னைத்தான் விடுவார். பட்டினியோடு எம்பாக்லிஃப்லோசின் போட்டால், சீனி பெரிதாக ஏறாமலே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம், அதுதான் இதில் மறைந்திருக்கும் ஆபத்து. ஆகவே விரதத்துக்கு மூன்று நாள் முன்பிருந்தே அந்த மாத்திரையை நிறுத்தி, இன்சுலினை இன்னும் குறைத்து, தினம் இரண்டு தடவை குத்திப் பார்க்க வைத்து, ஒரு நேரம் சோறு என்று பேசி முடித்தோம். சூரன்போர் பார்த்துவிட்டு நன்றாகவே வந்தார். வாந்தி, வயிற்றோட்டம் வரும் நாட்களுக்கும் இதே விதி, அப்போது லொசார்டனும் ஃப்ரூசிமைட்டும் மெட்ஃபோர்மினும் கூட நிற்க வேண்டும், நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் திரும்ப வர வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

2025 மே மாத நிலவரம்: ஏசிஆர் 780, கிரியேட்டினின் 2.3, ஈஜிஎஃப்ஆர் 32, இரத்த அல்புமின் 3.5, பிறஷர் 128/78. சுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. விழுந்த போடோசைட்டுகள் வரப்போவதில்லை, என்றாவது டயலிசிஸ் பற்றிப் பேச வேண்டி வரலாம். 2021க்கும் 2024க்கும் இடையில் கிரியேட்டினின் 1.1இலிருந்து 2.1க்கு ஓடிய வேகம் இப்போது இல்லை, அதுதான் கிடைத்தது. அவர் வேலைக்குப் போகிறார், தாலிக்கொடி ஓடர் எடுக்கிறார். எச்பிஏ1சி 7.4க்கு ஏறியிருக்கிறது என்று மனைவிக்குக் கவலை. எனக்கு இல்லை. இந்த நிலையில் 6.9ஐ விட 7.4தான் பாதுகாப்பு.

என்ன மாற வேண்டும்

முதலாவது, ஏசிஆர். இரண்டாம் வகைச் சீனி என்றால் கண்டுபிடித்த நாளிலிருந்தே வருடம் ஒரு தடவை, முதலாம் வகை என்றால் ஐந்தாவது வருடத்திலிருந்து. யூஎஃப்ஆர் அதற்குப் பதிலாகாது. இவருக்கு 2015 வாக்கில் இதைப் பார்த்திருந்தால் 2022இல் லொசார்டன் நின்றபோது யாராவது பதறியிருப்பார்கள், 'பிறஷர் நோர்மல்தானே' என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. மாத்திரை எதற்கு என்று கொப்பியில் ஒரு சொல் எழுதினால் போதும். என் டிஸ்பென்சரியில் இப்போது லொசார்டனுக்குப் பக்கத்தில் 'பிறஷர் + கிட்னி' என்று எழுதுகிறோம்.

பாமசி விஷயத்தில் சண்டை பிடித்துப் பலனில்லை, அவர்களிடம்தான் சனம் முதலில் போகிறது. தெருவில் உள்ள இரண்டு பாமசிக்காரர்களோடும் இருந்து பேசினேன். சீனி வருத்தக்காரர் நோவு மாத்திரை கேட்டால் கிரியேட்டினின் ரிப்போட் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்கச் சம்மதித்திருக்கிறார்கள். எவ்வளவு நாள் கேட்பார்களோ தெரியாது.

இன்சுலினோ மாத்திரையோ மாற்றாமல் சீனி இறங்கினால், வாழ்த்துச் சொல்வதற்கு முன் கிரியேட்டினின் பார்ப்பது இப்போது எங்கள் தாதிக்கும் பழக்கமாகிவிட்டது.

இவருடைய தம்பிக்கும் ஏழு வருடமாகச் சீனி, அதே பட்டறையில்தான் வேலை. 2025 மார்ச்சில் அண்ணனே இழுத்துக்கொண்டு வந்தார். யூஎஃப்ஆரில் அல்புமின் இல்லை, கிரியேட்டினின் 0.9, ஏசிஆர் 84. அந்த நேரம் காய்ச்சல் விட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது என்பதால் அதை வைத்து ஒன்றும் சொல்லவில்லை. ஜூனில் திரும்பப் பார்த்தோம், 91. லொசார்டன் தொடங்கியாகிவிட்டது, அடுத்த மாதிரி செப்டம்பரில்.